கதைப்பின்னலின் கலைஞர் கல்கி

நுழையும்முன்

ஒரு கதையைக் கேட்கும்போது, அடுத்து என்ன நிகழும் என்று மனம் பரபரக்கிறது. நிகழ்ந்த பின், அது ஏன் நிகழ்ந்தது என்று மனம் சிந்திக்கிறது. இந்தப் பரபரப்பையும் சிந்தனையையும் ஒன்றாக இணைத்துத் தருவதே கதைப்பின்னல். நிகழ்ச்சிகளை எந்த வரிசையில் சொல்வது, எதை முன்னே காட்டுவது, எதை மறைத்து வைப்பது, எந்த இடத்தில் முடிச்சிடுவது, எந்த இடத்தில் அவிழ்ப்பது என்னும் தேர்வுகளே கதைக்கு உருவம் தருகின்றன. அச்சிட்ட பக்கமானாலும் திரையானாலும் தொலைக்காட்சியானாலும் இந்தத் தேர்வுகளிலிருந்து எந்தக் கதைசொல்லியும் தப்ப முடியாது. வார இதழ்களின் வழியே இக்கலையைத் தமிழ் மக்களின் வீடுதோறும் கொண்டு சேர்த்த கல்கியின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

காவிரிக் கரையில் தொடங்கிய வாழ்வு

மயிலாடுதுறைக்கு அருகில் உள்ள புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். தந்தை இராமசாமி ஊர்க் கணக்கர். ஆறும் வாய்க்காலும் வயலும் கோயிலும் சூழ்ந்த சோழநாட்டு மண் அவரது இளமையை வளர்த்தது. ஆடிப் பெருக்கன்று ஆற்றங்கரையில் கூடும் மக்களின் ஆரவாரம் அந்த மண்ணில் வளரும் எந்தச் சிறுவனின் நெஞ்சிலிருந்தும் நீங்காது. பிற்காலத்தில் அவர் எழுதிய மிகப்பெரிய புதினம் ஓர் ஆடிப் பெருக்கு நாளில்தான் தொடங்குகிறது.

உள்ளூர்ப் பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்ற அவர், மாயூரத்திலும் பின்னர்த் திருச்சிராப்பள்ளியிலும் உயர்நிலைக் கல்வி பயின்றார். படிப்பில் சிறந்து விளங்கிய மாணவர் அவர். பள்ளி இறுதித் தேர்வில் வெற்றி பெற்றால் கல்லூரிக் கல்வியும் அரசுப் பணியும் கிடைக்கும் என்று குடும்பம் நம்பியிருந்தது. அக்காலத்தில் எளிய குடும்பத்து மாணவன் ஒருவனுக்கு அந்தத் தேர்வே வாழ்க்கையின் வாயிலாக இருந்தது.

1921ஆம் ஆண்டு, காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியிருந்தது. அரசின் பள்ளிகளையும் கல்லூரிகளையும் விட்டு மாணவர்கள் வெளியேற வேண்டும் என்னும் அழைப்பைக் கேட்ட கிருஷ்ணமூர்த்தி, தேர்வு நெருங்கிய வேளையில் படிப்பைத் துறந்தார். அந்த முடிவு அவரது வாழ்க்கையின் போக்கை முழுமையாக மாற்றிவிட்டது. கணக்கரின் மகன் அலுவலகத்திற்குச் செல்லவில்லை, சிறைக்குச் சென்றார். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டதற்காக 1922இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

இதழ்ப்பணி என்னும் பள்ளி

சிறையிலிருந்து வெளிவந்த இளைஞருக்குப் பட்டமும் இல்லை; பணியும் இல்லை. எழுத்து ஒன்றே கையில் இருந்தது. 1923இல் திரு.வி.க. ஆசிரியராக இருந்த ‘நவசக்தி’ இதழில் துணையாசிரியராகச் சேர்ந்தார். ஆங்கிலச் சொற்களும் வடசொற்களும் மிகுதியாகக் கலந்திருந்த இதழ்நடையை மாற்றி, இனிய தமிழில் அரசியலையும் எழுத முடியும் என்று காட்டியவர் திரு.வி.க. அவரிடம் பெற்ற பயிற்சி, கடினமான செய்தியையும் எளிய தமிழில் சொல்லும் ஆற்றலைக் கிருஷ்ணமூர்த்திக்குத் தந்தது. காந்தியடிகளின் தன்வரலாற்றை அவர் ‘சத்திய சோதனை’ என்னும் பெயரில் தமிழாக்கினார். 1927இல் அவரது முதல் நூலான ‘சாரதையின் தந்திரம்’ என்னும் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்தது.

பின்னர்த் திருச்செங்கோட்டுக்கு அருகில் இராஜாஜி நடத்திவந்த காந்தி ஆசிரமத்தில் சேர்ந்தார். மதுவிலக்குக் கொள்கையைப் பரப்புவதற்காக இராஜாஜி தொடங்கிய ‘விமோசனம்’ இதழில் பணியாற்றினார். குடியின் தீமையைக் கட்டுரையாக எழுதினால் படிப்போர் சிலரே; அதனைக் கதையாக எழுதினால் படிப்போரும் கேட்போரும் பலர். மக்களை மாற்ற விரும்பும் எழுத்தாளன் முதலில் மக்களைத் தன் பக்கம் அமரச் செய்ய வேண்டும் என்பதை அங்கு அவர் கற்றுக்கொண்டார். 1930இல் உப்பு அறப்போரின்போது மீண்டும் ஆறு திங்கள் சிறையில் இருந்தார்.

இதற்கிடையில் எஸ்.எஸ். வாசன் நடத்திவந்த ‘ஆனந்த விகடன்’ இதழுக்கு ‘ஏட்டிக்குப் போட்டி’ என்னும் நகைச்சுவைக் கட்டுரையை அனுப்பியிருந்தார். ‘கல்கி’ என்னும் புனைபெயரில் அது வெளிவந்தது. திருமாலின் பத்தாவது அவதாரத்தைக் குறிக்கும் அந்தப் பெயரே பின்னர் அவரது பெயராக நிலைத்தது. 1931இல் ஆனந்த விகடனில் பொறுப்பேற்ற அவர், நகைச்சுவை, பயணக் கட்டுரை, தலையங்கம், சிறுகதை எனப் பல வடிவங்களில் எழுதினார். ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் இசையையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் திறனாய்ந்தார். திரைப்படங்களைக் கூர்ந்து பார்த்து எழுதிய இப்பழக்கம், காட்சிகளாகக் கதை சொல்லும் திறனை அவரிடம் வளர்த்தது.

தொடர்கதை என்னும் சவால்

நூலாக வெளிவரும் புதினத்தைப் படிப்பவர் தாம் விரும்பும்போது அடுத்த பக்கத்தைப் புரட்டலாம். வார இதழில் வரும் தொடர்கதையைப் படிப்பவரோ அடுத்த அத்தியாயத்துக்காக ஏழு நாள்கள் காத்திருக்க வேண்டும். இந்த இடைவெளி எழுத்தாளனுக்குப் பெரிய இடர். ஏழு நாள்களில் படிப்பவரின் வீட்டிலும் ஊரிலும் எத்தனையோ நிகழ்ந்துவிடும். அவற்றுக்கு இடையிலும் கதைமாந்தரை அவர் மறவாதிருக்க வேண்டும். சென்ற வாரம் என்ன நடந்தது என்பது நினைவில் நிற்க வேண்டும். அடுத்த வாரம் என்ன நடக்கும் என்னும் ஆவலும் குறையாதிருக்க வேண்டும்.

1937இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ‘கள்வனின் காதலி’ மூலம் கல்கி இச்சவாலை எதிர்கொண்டார். ஒவ்வோர் அத்தியாயத்தையும் முழுமையான காட்சியாக அமைத்தார். அதன் இறுதியில் ஒரு வினாவை எழுப்பினார். கதவு தட்டப்படும், தட்டியவர் யார் என்பது தெரியாது. ஓலை கைமாறும், அதில் எழுதியிருப்பது தெரியாது. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் இடையில் படிப்பவரை நிறுத்தி வைப்பதே தொடர்கதையின் நுட்பம் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

இந்நுட்பம் தமிழுக்கு முற்றிலும் புதியதன்று. சிலப்பதிகாரத்தில் காற்சிலம்பு ஒன்றே கதையை நடத்திச் செல்கிறது. கண்ணகியின் சிலம்பில் இருப்பவை மாணிக்கப் பரல்கள், கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருப்பவை முத்துகள் என்னும் ஒரு செய்தி, வழக்குரை காதையில் வெளிப்படும்வரை அவையோர்க்குத் தெரிவதில்லை. வெளிப்படும்போது அரசனின் உயிரே நீங்குகிறது. தெருக்கூத்தில் விடிய விடியக் கதை கேட்ட மக்களுக்கும் முடிச்சின் சுவை பழகிய ஒன்றே. கல்கி அச்சுவையை அச்சு இதழின் அளவுக்கும் வேகத்துக்கும் ஏற்ப மாற்றியமைத்தார்.

எழுத்தும் திரையும் இணைந்த தியாகபூமி

1938–39ஆம் ஆண்டுகளில் கல்கி எழுதிய ‘தியாகபூமி’ தமிழ்க் கதையுலகில் ஒரு புதுமுயற்சி. கதை இதழில் தொடராக வந்துகொண்டிருந்த காலத்திலேயே இயக்குநர் கே. சுப்பிரமணியம் அதனைத் திரைப்படமாக எடுத்தார். தொடர்கதைக்கு ஓவியங்களுக்கு மாற்றாகத் திரைப்படத்தின் நிழற்படங்களே அச்சிடப்பட்டன. படிப்பவர்கள் திரையைக் காணும் முன்பே கதைமாந்தரின் முகங்களை அறிந்தனர். திரைப்படம் 1939இல் வெளிவந்தது. பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரியாகவும், எஸ்.டி. சுப்புலட்சுமி சாவித்திரியாகவும், குழந்தை நட்சத்திரம் சரோஜா சாருவாகவும் நடித்தனர்.

சம்பு சாஸ்திரி ஊரில் மதிப்புடன் வாழ்பவர். புயலில் வீடிழந்த ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அவர் புகலிடம் தருகிறார். அந்த அறச்செயலுக்காக ஊர் அவரை விலக்குகிறது. மகள் சாவித்திரி கணவனால் கைவிடப்படுகிறாள். பிறந்த குழந்தையைத் தந்தையின் அருகில் விட்டுவிட்டுப் பம்பாய்க்குச் செல்கிறாள். பின்னர் உமாராணி என்னும் பெயரில் பெருஞ்செல்வத்துடன் திரும்பி வருகிறாள். அப்போது கணவன் சேர்ந்து வாழ உரிமை கோரி வழக்குத் தொடுக்கிறான். அவளோ அவனோடு வாழ மறுக்கிறாள். வேண்டுமானால் தானே அவனுக்கு வாழ்க்கைப்படி கொடுப்பதாக நீதிமன்றத்தில் கூறுகிறாள்.

இந்தக் கதையில் பிரிவும் மறைவும் மாற்றுப்பெயரும் மீண்டும் சந்திப்பதும் உண்டு. இவை படிப்பவரின் ஆவலைத் தூண்டும் பழைய உத்திகளே. ஆனால் கல்கி இவ்வுத்திகளால் இட்டுச் சென்ற இடம் புதியது. கைவிடப்பட்ட பெண் கணவனிடம் திரும்பினால் கதை இனிது முடியும் என்பதே அக்காலத்தவரின் எதிர்பார்ப்பு. அவள் மறுக்கும் இடத்தில் கதை திரும்புகிறது. பின்னர் அவள் நாட்டு விடுதலைப் பணியில் ஈடுபடுகிறாள். திருப்பத்தை உண்டாக்கியது தற்செயலான நிகழ்ச்சியன்று. ஒரு பெண் எடுத்த முடிவு. விடுதலை உணர்வைத் தூண்டுகிறது என்பதனால் ஆங்கிலேய அரசு இப்படத்தைத் தடை செய்தது. கட்டுரைகளுக்கு அஞ்சிய அரசு கதைக்கும் அஞ்ச நேர்ந்தது.

தெரிந்து தெளிவோம்

கதை என்பது நிகழ்ச்சிகளின் தொகுப்பு. கதைப்பின்னல் என்பது அந்நிகழ்ச்சிகளைக் காரண காரியத் தொடர்போடு அமைக்கும் முறை. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் ‘கவிதையியல்’ நூலில் துன்பியல் நாடகத்தின் உயிராகக் கதைப்பின்னலையே கருதினார். தொடக்கம், இடை, முடிவு என்னும் மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று இயல்பாகப் பிறக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

மீண்டும் ஒரு திருப்பம்

1941இல் கல்கியின் வாழ்க்கையில் மற்றொரு முடிவு குறுக்கிட்டது. தனிநபர் அறப்போரில் கலந்துகொள்ள அவர் விரும்பினார். பெரும்புகழும் நிலையான ஊதியமும் தந்த ஆனந்த விகடனை விட்டு வெளியேறிச் சிறை சென்றார். மூன்று திங்களுக்குப் பின் வெளியே வந்தபோது அவருக்கென்று இதழ் ஏதும் இல்லை.

நண்பர் டி. சதாசிவத்துடன் இணைந்து ‘கல்கி’ என்னும் பெயரிலேயே புதிய இதழைத் தொடங்கத் திட்டமிட்டார். முதலீட்டுக்குப் பணம் தேவைப்பட்டது. சதாசிவத்தின் துணைவியாரும் இசைக்கலைஞருமான எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ திரைப்படத்தில் நாரதராக நடித்து ஈட்டிய பணம் அதற்கு உதவியது. 1941 ஆகஸ்டில் இதழ் வெளிவந்தது. புதிய இதழைப் படிப்பவர் வாரந்தோறும் வாங்க வேண்டுமானால் அவர்களைக் காத்திருக்கச் செய்யும் தொடர்கதை வேண்டும். அந்தத் தேவையும் கல்கியின் நெடுநாளைய ஆர்வமும் ஒன்றுசேர்ந்தபோது வரலாற்றுப் புதினங்கள் பிறந்தன.

தெரிந்த முடிவும் தெரியாத வழியும்

வரலாற்றைக் கதையாக்குவோர் எதிர்கொள்ளும் சிக்கல் தனித்தன்மை உடையது. நரசிம்மவர்மப் பல்லவன் வாதாபியை வென்றான் என்பது பள்ளி மாணவர்க்கும் தெரியும். முடிவு தெரிந்த கதையில் ஆவலை எங்ஙனம் உண்டாக்குவது? கல்கி கண்ட விடை எளிது. என்ன நடந்தது என்பதை வரலாறு சொல்லட்டும். அது எவ்வாறு நடந்தது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார் என்பதைக் கதை சொல்லட்டும்.

1941இல் தொடங்கிய ‘பார்த்திபன் கனவு’ புதினத்தில் சிவனடியார் ஒருவர் வருகிறார். அவர் யார் என்னும் மறைபொருளே கதையை நடத்துகிறது. சோழ இளவரசன் விக்கிரமன் எவரைத் தன் பகைவராகக் கருதுகிறானோ, அந்தப் பல்லவப் பேரரசர் நரசிம்மவர்மரே சிவனடியார் வேடத்தில் அவனைக் காத்து வருகிறார் என்பது பின்னரே வெளிப்படுகிறது. 1960இல் இப்புதினம் திரைப்படமானபோது எஸ்.வி. ரங்காராவ் நரசிம்மவர்மராக நடித்தார். எழுத்தில் முகம் தெரியாது. எனவே வேடத்தை நெடுநேரம் மறைக்கலாம். திரையிலோ நடிகரின் முகமும் குரலும் உடனே அடையாளம் காட்டிவிடும். அங்கு யார் என்னும் வினாவைவிட, உண்மை அறியும்போது விக்கிரமன் என்ன செய்வான் என்னும் வினாவே முதன்மை பெறுகிறது. ஊடகம் மாறும்போது கதைப்பின்னலும் மாற வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

அடுத்து வந்த ‘சிவகாமியின் சபதம்’ நான்கு பாகங்கள் கொண்டது. சிற்பி ஆயனர் அசந்தாவின் அழியா வண்ணங்களின் மறைபொருளை அறிய ஏங்குகிறார். அந்த ஏக்கத்தை நாகநந்தி என்னும் பிக்கு தன் சூழ்ச்சிக்குப் பயன்படுத்திக்கொள்கிறார். கல்வி தேடிக் காஞ்சிக்கு வந்த பரஞ்சோதி என்னும் இளைஞன், ஓலை ஒன்றைச் சுமந்து வடக்கே செல்கிறான். கலைஞனின் எளிய விருப்பம் ஒன்று மெல்ல மெல்ல இரு பேரரசுகளின் போருடன் பிணைகிறது. ஒவ்வொரு நிகழ்ச்சியும் முந்தைய நிகழ்ச்சியின் விளைவாகவும் அடுத்ததன் காரணமாகவும் அமைகிறது.

ஆயனரின் மகளும் ஆடற்கலையில் வல்லவளுமான சிவகாமி சாளுக்கியரால் சிறைபிடிக்கப்பட்டு வாதாபிக்குக் கொண்டு செல்லப்படுகிறாள். நரசிம்மவர்மர் அந்நகரைத் தீக்கிரையாக்கி வெற்றிகொண்டு அழைத்துச் செல்லும்வரை அங்கிருந்து வருவதில்லை என்று சபதம் செய்கிறாள். அவளை மறைவாக மீட்க அவரே மாறுவேடத்தில் வருகிறார். அப்போதும் அவள் தன் சொல்லை விட மறுக்கிறாள். படிப்பவரின் மனம் பதைக்கும் இடம் இது. அவள் உடன் புறப்பட்டிருந்தால் காதல் நிறைவேறியிருக்கும். அவள் மறுத்ததனால் ஆண்டுகள் பல கடக்கின்றன. நாட்டு நலனுக்காக நரசிம்மவர்மர் பாண்டிய இளவரசியை மணக்கிறார். கி.பி. 642இல் வாதாபி எரிகிறது, சபதம் நிறைவேறுகிறது, சிவகாமியின் கனவு சிதைகிறது. வரலாறு வெற்றி என்று பதிவு செய்த நிகழ்ச்சியை, ஒரு பெண்ணின் இழப்பாகக் காணச் செய்தது கதைப்பின்னல்.

பொன்னியின் செல்வன்

1950 அக்டோபரில் தொடங்கி ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் கல்கி இதழில் வெளிவந்தது ‘பொன்னியின் செல்வன்’. புது வெள்ளம், சுழற்காற்று, கொலைவாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என அது ஐந்து பாகங்களாக அமைந்தது. படிப்பவர்கள் மூன்றரை ஆண்டுகள் தொடர்ந்த அந்தக் கதைக்குள் நிகழும் காலமோ ஓராண்டைக்கூட எட்டாது.

இப்புதினத்தின் வித்து ஒரு கல்வெட்டு. காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் நிலங்களைப் பறிமுதல் செய்த செய்தியைக் கூறுகிறது. இரவிதாசன் முதலியோரின் பெயர்கள் அதில் உள்ளன. கொலை ஏன் நிகழ்ந்தது, அதன் பின்னே யார் யார் இருந்தனர் என்பதைக் கல்வெட்டு கூறவில்லை. மற்றொரு சான்று திருவாலங்காட்டுச் செப்பேடு. மக்கள் விரும்பியும் அருள்மொழிவர்மன் அரியணையை ஏற்காமல், தன் சிற்றப்பன் உத்தம சோழன் ஆள்வதற்கு வழிவிட்டான் என்று அது தெரிவிக்கிறது. ஒரு புறம் அரச குடும்பத்துக் கொலை. மறு புறம் அரியணை துறந்த இளவரசன். இவ்விரண்டுக்கும் இடையில் வரலாறு விட்டுவைத்த வெற்றிடத்தில் கல்கி தம் கதையைப் பின்னினார். நீலகண்ட சாஸ்திரி, சதாசிவப் பண்டாரத்தார் ஆகியோரின் ஆய்வுநூல்களைப் பயின்றார். கதைக்களங்களை நேரில் காண ஓவியர் மணியத்துடன் இலங்கைக்கும் சென்றார்.

உடையார்குடிக் கல்வெட்டு உள்ள ஊருக்கு அருகிலேயே வீரநாராயண ஏரி பரந்து கிடக்கிறது. ஆடிப் பெருக்கு நாளில் அந்த ஏரிக்கரையில் குதிரையேறி வரும் வந்தியத்தேவனுடன் கதை தொடங்குகிறது. ஆதித்த கரிகாலன் கொடுத்த ஓலைகளைத் தஞ்சைக்கும் பழையாறைக்கும் கொண்டு செல்வதே அவன் பணி. ஓலை கொண்டு செல்லும் தூதனைக் கதையின் மையத்தில் வைத்தது கல்கியின் பெருந்திறன். அரசர்களுக்கு அரண்மனைக்குள்தான் வாழ்க்கை. தூதனோ சத்திரம், கோயில், சிறை, கடல், காடு என எங்கும் செல்வான், எல்லாரையும் சந்திப்பான். அவனுக்கும் சோழநாட்டின் சூழ்ச்சிகள் புதியவை, படிப்பவர்க்கும் புதியவை. அவன் அறியும்போது அவர்களும் அறிகின்றனர்.

முதல் நாள் இரவில் கடம்பூர் மாளிகையில் தங்கும் வந்தியத்தேவன் மறைவான கூட்டம் ஒன்றைக் காண்கிறான். மூடுபல்லக்கிலிருந்து பெண் இறங்குவாள் என்று எதிர்பார்க்கும்போது, அரியணைக்கு உரிமை கோரும் மதுராந்தகன் இறங்குகிறான். நூற்றுக்கணக்கான அத்தியாயங்களுக்குப் பின், அதே கடம்பூர் மாளிகையில்தான் ஆதித்த கரிகாலன் உயிர் துறக்கிறான். முதல் முடிச்சு விழுந்த இடத்திலேயே கதையின் பெருந்துயரும் நிகழ்கிறது. தொடக்கத்திலேயே கட்டடத்தின் முழு வரைபடமும் கல்கியின் உள்ளத்தில் இருந்தது என்பதை இந்த அமைப்பு புலப்படுத்துகிறது.

கொன்றவர் யார் என்பதைக் கல்கி ஐயத்திற்கு இடமின்றிக் கூறவில்லை. கல்வெட்டு சொல்லாததைத் தாம் சொல்லாமல் விட்டார். ஆனால் அருள்மொழிவர்மன் என்ன செய்தான் என்பதை உறுதியாகச் சொன்னார். முடிசூட்டு விழாவில், அனைவரும் அவன் தலையில் மகுடத்தைக் காண விழைந்து நின்ற வேளையில், அவன் அதனை மதுராந்தகச் சோழன் தலையில் சூட்டுகிறான். போரோ கொலையோ கதையின் உச்சமாக அமையவில்லை. துறவே உச்சமாக அமைந்தது. தேர்வைத் துறந்தும் பதவியைத் துறந்தும் வாழ்ந்த எழுத்தாளரின் கதை, தியாகபூமியில் தொடங்கித் தியாகச் சிகரத்தில் நிறைவுற்றது.

எழுந்த எதிர்ப்புகள்

கல்கியின் புகழ் வளர்ந்தது போலவே அவர்மீதான திறனாய்வும் வளர்ந்தது. ‘மணிக்கொடி’ வழிவந்த எழுத்தாளர்கள், குறிப்பாகப் புதுமைப்பித்தன், அவர் எழுத்தைக் கடுமையாகக் கண்டித்தனர். அயல்மொழிக் கதைகளைத் தழுவி எழுதுவது பற்றியும் விவாதம் எழுந்தது. நிகழ்ச்சிகளின் விரைவில் மனித மனத்தின் ஆழம் தவறிப்போகிறது. தற்செயல் சந்திப்புகளும் மாறுவேடங்களும் மிகுந்துள்ளன. படிப்பவரை மகிழ்விப்பதே குறிக்கோளாகிவிடுகிறது என்பன அவர்கள் கூறிய குறைகள்.

இக்குறைகளைப் புறந்தள்ளிவிட முடியாது. ஓர் அத்தியாயத்தின் இறுதியில் எழுப்பிய பெரும் பரபரப்பு, அடுத்த அத்தியாயத்தில் எளிதாகக் கலைந்துவிடும் இடங்கள் அவர் புதினங்களில் உண்டு. வாரந்தோறும் எழுதுவதன் விலை அது. எனினும் படிக்கும் பழக்கமே இல்லாத வீடுகளில் அவர் எழுத்து நுழைந்தது. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, வீட்டில் உள்ளோர் சூழ்ந்திருந்து கேட்டனர். அவ்வாறு கதை கேட்டு வளர்ந்த தலைமுறையினரே பின்னர்ப் புதுமைப்பித்தனையும் தேடிப் படித்தனர். மனத்தின் ஆழத்தை ஆராயும் கதையும், நிகழ்ச்சிகளால் ஈர்க்கும் கதையும் ஒன்றுக்கொன்று பகையல்ல; இரண்டும் மொழிக்குத் தேவை.

முடிக்கத் தெரிந்த கலைஞர்

பொன்னியின் செல்வன் நிறைவுற்றபோது படிப்பவர் பலர் மனக்குறை கொண்டனர். கதை திடீரென முடிந்துவிட்டதாகக் கருதினர். பல கதைமாந்தர் பின்னர் என்ன ஆயினர் என்று வினவினர். கல்கி ஒரு முடிவுரை எழுதி அவர்களுக்கு விளக்கம் தந்தார். ஆனால் கதையை நீட்டவில்லை. விற்பனையை எண்ணியிருந்தால் இன்னும் பல திங்கள் நீட்டியிருக்கலாம். மகுடம் கைமாறியதும் கதையின் மைய வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. அதற்குப் பின் தொடர்வது கதையின் வலிமையைக் குறைக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

உடல்நலம் குன்றிய நிலையிலும் எழுத்துப் பணியை அவர் நிறுத்தவில்லை. 1954 டிசம்பர் 5ஆம் நாள், தம் 55ஆம் வயதில் மறைந்தார். அவர் தொடங்கி முற்றுப்பெறாதிருந்த ‘அமரதாரா’ புதினத்தை, அவர் விட்டுச் சென்ற குறிப்புகளின் துணையுடன் மகள் ஆனந்தி எழுதி முடித்தார். இந்திய விடுதலைக் காலத்தைக் களமாகக் கொண்ட ‘அலை ஓசை’ புதினத்துக்கு 1956இல் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது. அவர் நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியது.

பக்கத்திலிருந்து திரைக்கு

பொன்னியின் செல்வனைத் திரைப்படமாக்கப் பலர் விரும்பினர். எம்.ஜி.ஆரும் அதற்கு முயன்றார். கல்கி மறைந்து அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், மணிரத்னம் இயக்கத்தில் 2022இலும் 2023இலும் அது இரு பாகங்களாக வெளிவந்தது. ஆயிரக்கணக்கான பக்கங்கள் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரமாகச் சுருங்கின. மணிமேகலை போன்ற கதைமாந்தர் திரையில் இடம்பெறவில்லை. புதினத்தில் சேந்தன் அமுதனே உண்மையான மதுராந்தகன் என்பது பெரியதொரு திருப்பம். திரைப்படம் அதனைக் கைவிட்டது. புதினத்தைப் பயின்றோரில் சிலர் இம்மாற்றங்களை ஏற்றனர், சிலர் வருந்தினர். ஒரே அமர்வில் பார்த்து முடிக்கும் கலைக்கு இழைகள் குறைவாகவும் இறுக்கமாகவும் இருக்க வேண்டியுள்ளது. அருள்மொழிவர்மன் மகுடத்தைத் துறக்கும் உச்சத்தைமட்டும் திரைப்படமும் விட்டுவிடவில்லை.

வார இதழ்த் தொடர்கதையின் நேர் வாரிசாக இன்று விளங்குவது தொலைக்காட்சித் தொடர். பகுதி முடியும் வேளையில் கதவு திறக்கிறது; உள்ளே வருபவரின் முகத்தைக் காட்டாமல் ‘தொடரும்’ என்னும் எழுத்துகள் தோன்றுகின்றன. கல்கி கையாண்ட அதே முடிச்சுதான் இது. வேறுபாடு ஒன்று உண்டு. முடிவை எண்ணித் தொடங்கப்படும் தொடரில் ஒவ்வொரு முடிச்சும் முடிவை நோக்கி நகர்த்துகிறது. முடிவைப் பற்றிய எண்ணமின்றி நீட்டப்படும் தொடரில் முடிச்சுகள் மேலும் மேலும் விழுகின்றனவே அன்றி, அவிழ்வதில்லை. முன்னதைப் பார்ப்பவர் நிறைவோடு எழுகிறார். பின்னதைப் பார்ப்பவர் களைத்து எழுகிறார்.

கதைமாந்தர் எடுக்கும் முடிவிலிருந்து பிறக்கும் திருப்பமே படிப்பவர் நெஞ்சில் நிலைக்கும் என்பதைக் கல்கியின் படைப்புகள் உணர்த்துகின்றன. சாவித்திரியின் மறுப்பும் சிவகாமியின் சபதமும் அருள்மொழியின் துறவும் அத்தகைய முடிவுகள். தேர்வு மண்டபத்தை விட்டு வெளியேறிய திருச்சி மாணவரின் முடிவும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே.

கற்பவை கற்றபின்…

1. நீங்கள் படித்த சிறுகதை ஒன்றின் நிகழ்ச்சிகளைக் கால வரிசையில் எழுதுக. ஆசிரியர் அவற்றை எந்த வரிசையில் கூறியுள்ளார் என ஒப்பிட்டு, அதனால் விளைந்த பயனைக் குறிப்பிடுக.

2. புதினத்திலிருந்து திரைப்படமான கதை ஒன்றைத் தேர்ந்து, விடப்பட்டவை, சேர்க்கப்பட்டவை, மாற்றப்பட்டவை எனப் பட்டியலிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊரில் உள்ள கல்வெட்டு அல்லது செவிவழிச் செய்தி ஒன்றை அடிப்படையாகக் கொண்டு தொடர்கதையின் முதல் அத்தியாயத்தை எழுதுக. இறுதியில் ஒரு முடிச்சு அமைக.

4. தொலைக்காட்சித் தொடர்களை நீட்டுவது கதைக்கு வலிமை சேர்க்கிறதா, வலிமையைக் குறைக்கிறதா என்னும் பொருளில் வகுப்பில் பட்டிமன்றம் நடத்துக.